திரும்பி வருவதற்கான காரணங்கள்

"இன்னும் கொஞ்சம் கீழ காட்டுண்ணா, கை தெரியல" என்றாள் பிரான்சி.

ஆசீர் செல்போனைக் குளிர்பெட்டியின் கண்ணாடி மேல் சாய்த்துப் பிடித்தான். உள்ளே குளிர், வெளியே ஜூலை மாதத்துத் திருச்சி வெக்கை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடி வியர்த்துக்கொண்டே இருந்தது. தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டு மறுபடி காட்டினான். அம்மாவின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள். கட்டை விரலில் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன இடம் மட்டும் அப்படியே இருந்தது.

அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் தங்கை நேற்றுக் காலையிலிருந்து ஏழாவது முறையாக அழைக்கிறாள். அவளுக்குப் பிள்ளை பிறந்து இருபத்தோரு நாள்தான் ஆகிறது. இருபத்தோரு நாள் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் ஏது? பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டுத் தனியாகவும் வர முடியாது. அதனால் பாலக்கரை வீட்டில் நடப்பதையெல்லாம் அண்ணனின் கை வழியாகத்தான் அவள் பார்த்தாக வேண்டும்.

அம்மா ரோசரி டீச்சர் ஒரு கான்வென்ட் பள்ளியில் முப்பது வருடம் தையல் சொல்லிக் கொடுத்தவள். நேற்றுக் காலை ஐந்தரைப் பூசைக்குப் போய்விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஜோதி, கொஞ்சம் காப்பி குடும்மா" என்று மருமகளிடம் கேட்டாள். காப்பி வருவதற்குள் போய்விட்டாள். இன்று நாலு மணிக்கு அடக்கம்.

"அண்ணா, கொஞ்சம் தனியா வாயேன்" என்றாள் பிரான்சி.

அவள் குரலில் அழுகை இல்லை. நேற்று முழுக்க அழுதவள் இன்று ஒரேயடியாக அமைதியாக இருந்தது ஆசீருக்கு என்னவோ போலிருந்தது. மாடிப்படி ஏறிப் பாதியில் நின்றான்.

"பாப்பா காலப் பாரு."

திரையில் சுருங்கிப்போன சின்னப் பாதம் ஒன்று வந்தது. இடது உள்ளங்காலின் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு.

அந்தப் பொட்டு அவர்கள் வீட்டுச் சங்கதி. எல்லா வீட்டிலும் கண்ணேறு படாமலிருக்கப் பிள்ளைகளின் கன்னத்தில் பொட்டு வைப்பார்கள். ஆசீர் பிறந்த காலத்தில் இருந்த பங்குச் சாமியார் அதைப் பார்த்தால் கோயிலிலேயே வைத்துத் திட்டுவார். அம்மாவுக்குச் சாமியாரையும் பகைத்துக்கொள்ள முடியாது, ஊர்க் கண்ணையும் நம்ப முடியாது. வசம்பைச் சுட்டு விளக்கெண்ணெயில் குழைத்து, இடது உள்ளங்காலில் யாருக்கும் தெரியாமல் வைத்துவிடுவாள். ஆசீருக்கு வைத்தாள், பிரான்சிக்கு வைத்தாள், ஆசீரின் மகளுக்கும் வைத்தாள். ஊரில் வேறு யாரும் அங்கே வைத்து அவன் பார்த்ததில்லை.

"நீதான் வச்சிருப்ப."

"எங்கிட்ட மையே இல்லண்ணா. என் கண்ணுக்கே நான் வக்கிறதில்ல."

"ஜெபராஜ் மாப்ள?"

"அவரு நைட் ட்யூட்டி. காலைல எட்டு மணிக்குத்தான் வந்தாரு. நீ போன் பண்ணிச் சொன்னப்ப இங்க ராத்திரி ரெண்டேகால். பாப்பா கத்திக்கிட்டே இருந்தான், நானும் அழுதுக்கிட்டே இருந்தேன். திடீர்னு அவன் கம்முனு ஆயிட்டான். அப்படியே ரெண்டு பேரும் தூங்கிட்டோம். விடிஞ்சு துணி மாத்துறப்பப் பாக்குறேன், பொட்டு இருக்கு. மோந்து பார்த்தா வசம்பு வாசனை."

"பிள்ளை பெத்த உடம்பு. தூக்கம் இல்ல. நீயே எதையாவது எடுத்து வச்சிட்டு மறந்திருப்ப."

"இருக்கலாம்" என்று உடனே ஒத்துக்கொண்டாள். அப்படி ஒத்துக்கொண்டதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. பிறகு சொன்னாள்: "அம்மா வந்துட்டுப் போனாங்கன்னு நான் சொல்லலண்ணா. இன்னும் போகலன்னுதான் தோணுது."

ஆசீர் கீழே இறங்கி வந்து மனைவியிடம் பெட்டிச் சாவி கேட்டான். அம்மாவின் சங்கிலியில் ஊக்கோடு கோத்திருந்த சாவியை, குளிப்பாட்டும்போது ஜோதி எடுத்து வைத்திருந்தாள்.

"இப்ப எதுக்குங்க பெட்டி?"

"ஆதார் ஜெராக்ஸ் உள்ள இருக்கான்னு பாக்கணும். கல்லறைத் தோட்டத்துல கேப்பாங்க."

கட்டிலுக்கடியில் இருந்த நீலநிறப் பெட்டியை இருவருமாக வெளியே இழுத்தார்கள். பிரான்சியின் பிரசவத்துக்கு அயர்லாந்து போக, விசா வருவதற்கு முன்பே அம்மா கட்டி வைத்த பெட்டி அது. அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. ஏன் இருக்காது? ஆசீர் ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஆன்லைன் சேவை மையம் வைத்திருக்கிறான். அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பேரன் பேத்தி பார்க்கப் போகிற ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் பாதிப் பேருக்கு அவன்தான் படிவம் நிரப்புகிறான். கைராசிக்காரன் என்று பெயர். எந்த ஃபைல் பாஸாகும், எது திரும்பி வரும் என்பது அவனுக்கு உறை ஒட்டும்போதே தெரியும்.

அம்மாவுடைய ஃபைல் திரும்பி வந்தது. மே மாதம் டெல்லியிலிருந்து வந்த கடிதத்தில் ஒரே ஒரு காரணம்தான் சொல்லியிருந்தார்கள். பயணம் முடிந்து சொந்த நாட்டுக்குத் திரும்பி வருவதற்கான காரணங்கள் போதுமான அளவு காட்டப்படவில்லையாம். ஆசீர் அதை வாசித்துத் தமிழில் சொன்னான். "நான் திரும்பி வர மாட்டேன்னு அவங்களுக்கு யாரு சொன்னா?" என்று மட்டும் அம்மா கேட்டாள். பெட்டியைப் பிரிக்கவில்லை. "இருக்கட்டும்டா, திரும்பப் போட்டுப் பாப்போம்" என்றாள். ஆறு மாதம் கழித்துத்தான் போட முடியும் என்று அவன் சொன்னான். அது பொய்.

பூட்டைத் திறந்தான். இரண்டு காட்டன் புடவைகள். அம்மாவே தைத்த முப்பது பிள்ளைத் துணிகள். ஓமவாட்டர் பாட்டில்கள், பிளாஸ்டிக் உறையில் கறுப்பு மணி கோத்த வளையல், பழைய பவுடர் டப்பா ஒன்று.

"ஸ்வெட்டர் எங்க?" என்றாள் ஜோதி.

"எந்த ஸ்வெட்டர்?"

"மெரூன் கலர்ல வாங்குனாங்கல்ல, பெரிய கடைவீதில. மேலாக்கத்தான் வச்சிருந்தாங்க. நான்தானே மூடி அமுக்கினேன், அவங்க பூட்டுனாங்க."

"யாருக்காவது குடுத்திருப்பாங்க."

"பூட்டத் தொறக்கவே இல்லியேங்க. வாரம் ஒருக்கா கட்டிலுக்கடியில பெருக்குறேன். எனக்குத் தெரியாதா?"

வாசலில் யாரோ வந்து அழுகிற சத்தம் கேட்டு ஜோதி எழுந்து போனாள். ஆசீர் பவுடர் டப்பாவைத் திறந்தான். ஏப்ரலில் அரைத்து வைத்த வசம்பு மை காய்ந்து வெடித்துப் போயிருந்தது. அதன் நடுவில் ஒரு விரல் இழுத்த கோடு. கோடு போன இடத்தில் மட்டும் மை ஈரமாகப் பளபளத்தது. தொட்டுப் பார்த்தான். விரலில் ஒட்டியது.

டப்பாவை மூடி உள்ளே வைத்துப் பெட்டியைப் பூட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கைவிரலை லுங்கியில் துடைத்தான், போகவில்லை. ஜோதியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

வேட்டிக்கு மாறி, ஆதார் நகல் கடையில்தான் இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். பிணம் நடுவீட்டில் இருக்கும்போது மகன் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பினால் நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள். பார்த்தார்கள். காவிரிப் பாலத்தில் புதுத் தண்ணீரை வேடிக்கை பார்க்க ஜனங்கள் வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தார்கள். ஏர்போர்ட் பக்கமிருந்து கிளம்பிய விமானம் ஒன்று தாழ்வாகத் தலைக்கு மேலே போனது. அம்மாவாக இருந்தால் கையை நெற்றியில் வைத்து, அது புள்ளியாகும் வரைக்கும் பார்த்திருப்பாள்.

கடை ஷட்டரைப் பாதி தூக்கும்போதே பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆசீர், உன்னைத்தான் தேடிண்டிருக்கேன். நேத்தெல்லாம் கடையே திறக்கலியே?" சித்திரை வீதியிலிருந்து வரும் வேதவல்லி மாமி. கையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. "எங்காத்து மாமாவுக்கும் எனக்கும் விசா வந்துடுத்து. எல்லாம் பெருமாள் அனுக்கிரஹம். அடுத்தது உன் கைராசி. இந்தா, கல்கண்டு வாயில போட்டுக்கோ."

"சந்தோஷம் மாமி."

"உங்கம்மாவுக்குத் திரும்ப அப்ளை பண்ணியா? பொண்ணு பிரசவத்துக்கு அம்மா இல்லைன்னா எப்படி? உன் கையாலயே பண்ணி வரலைங்கறது எனக்கு ஆச்சரியமா இருக்குடா."

அவன் கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டான். அம்மா இறந்துபோனதைச் சொல்ல வாய் வரவில்லை. மாமி போன பிறகு கல்கண்டைத் துப்பிவிட்டு, மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்தான். பழைய ரசீதுக் கட்டுகளுக்கு அடியில் அது இருந்தது. தையல் நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள், நாலாக மடித்தது.

விண்ணப்பத்தோடு வைக்கச் சொல்லி அம்மா எழுதிக் கொடுத்த கடிதம். "இத இங்கிலீஷ்ல போட்டு உள்ள வச்சிடு தம்பி. நாமளே சொல்லிட்டா அவங்களுக்கும் ஒரு தைரியம் இருக்கும்ல" என்றாள். சரிம்மா என்று வாங்கிக்கொண்டான். அப்பாவின் ரயில்வே பென்ஷன் புத்தகத்தையும் வீட்டு வரி ரசீதையும்கூடக் கொடுத்திருந்தாள். மற்றவர்களுக்கென்றால் அவற்றையெல்லாம் கேட்டுக் கேட்டு வாங்கி வரிசையாக அடுக்குகிறவன், அம்மாவின் உறையில் எதையும் வைக்கவில்லை.

அதற்கு ஒரு வாரம் முன்னால் நடந்ததுதான் காரணம். போனில் பிரான்சி சிரித்துக்கொண்டே, "இங்க வந்துட்டா உங்கள நான் திருப்பி அனுப்ப மாட்டேன், பாத்துக்கங்க" என்று சொன்னாள். அம்மாவும் சிரித்தாள். சிரித்துவிட்டுப் பதில் சொல்லாமல் இருந்தாள். பக்கத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆசீருக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பத்தொரு வயது மனிதனுக்கு, ஒரு பெண் பிள்ளைக்குத் தகப்பனுக்கு, அம்மா போய்விடுவாளோ என்று பயம் வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் உறையை ஒட்டிவிட்டான்.

இப்போது நின்றபடியே வாசித்தான்.

'ஐயா, என் மகள் பிரான்சிக்குப் பிரசவம். துணைக்குத் தாய் வேண்டும் என்பதால் வருகிறேன். மூன்று மாதத்துக்கு மேல் இருக்க மாட்டேன். என் கணவர் சவரிராயன் இங்கே கல்லறையில் இருக்கிறார். கல்லறைத் திருநாளுக்கு நான்தான் வெள்ளையடித்துப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். அவர் பக்கத்தில் எனக்கும் இடம் இருக்கிறது. என் மகன் ஆசீர், நான் பரிமாறாவிட்டால் அரை வயிறுதான் சாப்பிடுவான். ஆகவே நான் கண்டிப்பாகத் திரும்பி வந்துவிடுவேன். நம்பவும். இப்படிக்கு, ரோசரி சவரிராயன், தையல் ஆசிரியை, ஓய்வு.'

'நம்பவும்' என்ற சொல்லுக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள்.

மூன்றரைக்குச் சாமியார் வந்துவிட்டார். அம்மாவைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சவப்பெட்டியில் வைத்தார்கள். கைக்குக் கீழே அவளுடைய ஜெபப் புத்தகத்தை வைக்கும்படி சாமியாரோடு வந்த கோயில் உபதேசியார் சொன்னார். "நான் வைக்கிறேன்" என்று ஆசீர் வாங்கி, மடித்த தாளைப் பக்கங்களுக்கு நடுவில் செருகினான். அவள் எழுதியதை அவளிடமே திருப்பிக் கொடுத்தாயிற்று. அப்படிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று ஒரு எண்ணம் அவனுக்கு. கையைத் தூக்கிப் புத்தகத்தை வைத்தபோது அம்மாவின் வலது ஆட்காட்டி விரல் கண்ணில் பட்டது. நகத்தின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ இருந்தது. குனிந்து பார்ப்பதற்குள் மூடியைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அவன் தன் விரலைப் பார்த்துக்கொண்டான். அதே கறுப்பு. நம் விரலிலிருந்துதான் அம்மா விரலில் பட்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டான். அதையே கல்லறைத் தோட்டம் போய்ச் சேரும்வரை திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தான்.

அப்பாவின் பக்கத்து இடத்தில் குழி தயாராக இருந்தது. ஜோதி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையில் பிரான்சி பிள்ளையைத் தோளில் போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னலில் மழை. எல்லோரும் மண் அள்ளிப் போட்டார்கள். ஆசீர் போடும்போது போனிலிருந்து பிள்ளை ஒரே ஒரு முறை வீரிட்டது. அவ்வளவுதான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு உறவுக்காரர்கள் கலைந்தார்கள். ஆசீர் மொட்டை மாடிக்குப் போய்த் தங்கையை அழைத்தான்.

"பிரான்சி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அம்மா விசாவுக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தாங்க. திரும்பி வந்துடுவேன்னு. அத நான் வைக்கல. பென்ஷன் புக்கும் வைக்கல. வச்சிருந்தா கெடச்சிருக்கும். தெரிஞ்சேதான் வைக்கல."

அந்தப் பக்கம் மழை பெய்கிற ஓசை கேட்டது.

"ஏன்?" என்றாள் கடைசியில்.

"போனா வர மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"நான் வெளையாட்டுக்குச் சொன்னத வச்சா?"

ஆசீர் விரலிலிருந்த மையை மாடிச் சுவரில் தேய்த்தான்.

"தனியாப் பெத்தேண்ணா. அவரும் ட்யூட்டில. ஆஸ்பத்திரில பேரு தெரியாத ஒருத்தி கையப் புடிச்சிக்கிட்டுப் பெத்தேன்." அவள் குரல் உடைந்தது. "இத நீ எங்கிட்ட சொல்லாமயே இருந்திருக்கலாம்."

போன் அணைந்தது. ஆசீர் மாடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அம்மா இறந்த பிறகு முதல் தடவையாக அழுதான். கேவிக் கேவி, சத்தம் வெளியே போகாமல் துண்டைக் கடித்துக்கொண்டு அழுதான். ஒரு ஃபைலைத் திரும்பி வர வைத்த கை, அம்மாவை எங்கேயும் போகவிடாமல் வைத்திருந்த கை. அந்தக் கையின் விரலில் மை இன்னும் இருந்தது.

எழுந்து கீழே வந்தபோது போனில் ஒரு படம் வந்து கிடந்தது. பிள்ளையின் இடது பாதம். உள்ளங்கால் வெறுமையாக, சிவப்பாக இருந்தது. அடியில் பிரான்சி எழுதியிருந்தாள்: 'கழுவல. தொடைக்கல. சாக்ஸ் போட்டே வச்சிருந்தேன். இப்பக் கழட்டிப் பாத்தா இல்ல. அம்மா கெளம்பிட்டாங்க போல.'

அண்ணா என்று எழுதவில்லை. ஆனாலும் எழுதியிருந்தாள்.

ஜோதி சோறு போட்டு வைத்தாள். அரைத் தட்டோடு எழுந்துவிட்டான்.

மறுநாள் காலை ஐந்தே காலுக்குக் கோயில் மணி அடித்தது. ஆசீர் அம்மாவின் அறைக்குப் போனான். கட்டிலுக்கடியில் பெட்டி, நேற்று அவன் தள்ளிவிட்ட இடத்தில், தள்ளிவிட்ட கோணத்திலேயே இருந்தது. சாவி அவனுடைய சட்டைப் பையில்தான். வெளியே இழுத்துப் பூட்டைத் திறந்தான். மூடியைத் தூக்க ஒரு நிமிடம் ஆனது.

மேலாகவே இருந்தது ஸ்வெட்டர். பொத்தான்களைப் போட்டு, கைகளைப் பின்னால் மடக்கி, அம்மா எல்லாப் பெண்களுக்கும் வகுப்பில் சொல்லிக்கொடுத்த மடிப்பு. கையில் எடுத்தான். சில்லென்று இருந்தது. முழுக்க நனையவில்லை, தூறலில் நடந்து வந்தவர்கள் உடுப்பு இருப்பது போல மேல்ஈரம். பாலக்கரையில் மழை பெய்து இரண்டு மாதமாகிறது.

பிரித்துப் பார்த்தான். இடது தோளில் வெள்ளையாகக் காய்ந்த ஒரு திட்டு. மூக்கருகே கொண்டுபோனான். புளித்த பால். தன் மகளைத் தோளில் போட்டுத் தட்டிய நாட்களில் அவனுடைய சட்டைகள் எல்லாவற்றிலும் இருந்த வாசனை அது.

தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தான். பூசை முடிந்து ஜனங்கள் பேசிக்கொண்டே தெருவில் போகிற சத்தம் கேட்டது. பிறகு எழுந்து பெட்டியிலிருந்த புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்தான். அலமாரியில் அவை முன்பு இருந்த தட்டிலேயே வைத்தான். ஓமவாட்டர் பாட்டில்களையும் பவுடர் டப்பாவையும் ஜன்னல் மேடையில் வைத்தான். பிள்ளைத் துணிகளையும் வளையலையும் மட்டும் பார்சலில் அனுப்பத் தனியாக ஒரு பையில் போட்டான்.

"என்னங்க, விடியக் காலைல பெட்டியப் பிரிக்கிறீங்க?" ஜோதி வாசலில் வந்து நின்றாள். அவன் கையிலிருந்த ஸ்வெட்டரைப் பார்த்ததும் அவள் கண் பெட்டியின் பூட்டுக்குப் போனது.

"பெட்டி காலியாயிடுச்சு. பரண்ல ஏத்திடணும்" என்றான் ஆசீர்.

மாடிக்குப் போய்க் கொடியில் ஸ்வெட்டரைப் போட்டு இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினான். வெயில் அதற்குள் ஏறத் தொடங்கியிருந்தது. கொஞ்சம் யோசித்து, கிளிப்பைக் கழற்றி, இடது தோள் வெயிலில் படாமல் நிழல் பக்கமாக இருக்கும்படி திருப்பிப் போட்டான்.